கொக்கு இல்லாத ராலி

"அண்ணே, நான் விதவையா இல்லியா? அதை மட்டும் கண்டு சொல்லிருங்க."

ராகேல் கேட்டது இவ்வளவுதான். ஆரல்வாய்மொழிச் சுங்கச் சௌக்கியில் இன்ஸ்பெக்டராக இருந்து, வைக்கோல் வண்டிக்குள் ஒளித்த பட்டுச்சேலையை மூக்கால் கண்டுபிடித்த ஞானசிங்குக்கு, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை. ஏனென்றால் அவளை விதவையாக்கியதே அவர் வாய்தான்.

ராகேலின் கணவன் ஜான்ரோஸ் அதே சௌக்கியில் கிளார்க்கு. ஞானசிங்கோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தூக்குவாளிக் கஞ்சியைப் பங்கு போட்டுக் குடித்தவன். எல்லை இல்லாமல் போய்ச் சௌக்கியை எடுத்து, எல்லாரும் திசைக்கொருவராய்ப் போன பிறகும் இவர்கள் சிநேகம் போகவில்லை. போன வருஷம் மழைக்கு முன்னால், மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணலில் அவன் சட்டையும் செருப்பும் சைக்கிளும் கிடந்தன. ஆளைக் கடல் திருப்பித் தரவேயில்லை. சைக்கிளில் சக்கரம் இரண்டும் இல்லை. கேட்பாரற்ற வண்டியென்று எவனோ கழற்றிப் போயிருப்பான் என்று பேசிக்கொண்டார்கள். போலீசார் ஞானசிங்கைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தவர், ஜான்ரோஸ் வண்டிதான் என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துப் போலீஸ் செத்தானென்று எழுதியது, போதகர் ஜெபித்தார், ராகேல் வெள்ளை உடுத்தாள்.

இப்போது அவளுக்கு மறுமணம். மாப்பிள்ளை குமாரதாஸ், ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், தங்கமான ஆள். சபையில் ஓலை வாசிப்பது வழக்கம்: கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பேரை வாசித்து, தடை சொல்ல ஆளுண்டா என்று கேட்பார்கள். இரண்டு ஓலை சுகமாய் வாசித்து முடிந்தது. மூன்றாவதற்குள் மீன் வியாபாரி இஞ்ஞாசி வந்து, தக்கலைச் சந்தையில் ஜான்ரோஸைப் பார்த்தேன் என்று குண்டைத் தூக்கிப் போட்டான். முகத்தைப் பார்த்தாயா என்றால், இல்லை, முதுகைத்தான் பார்த்தேன் என்றான். குமாரதாஸ் வீட்டார் சிரித்துத் தள்ளினார்கள். ராகேலுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டினவன் உயிரோடிருக்க இன்னொருவனுக்குக் கழுத்தை நீட்டினால் சபை தள்ளிவைக்கும், சட்டம் பிடிக்கும், பிறக்கிற பிள்ளைக்கும் பேர் கெடும்.

"முதுகை வச்சு ஒரு ஆளைப் பிடிக்க முடியாது தங்கச்சி. அந்த வண்டி உன்கிட்டதானே இருக்கு? அதைப் பாப்போம்" என்றார் ஞானசிங்.

வண்டி மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால், கிழிந்த பாய்க்கடியில் கிடந்தது. அவர் குனிந்தார், நிமிர்ந்தார், சுற்றிவந்தார், மறுபடி குனிந்தார். கூட வந்த முத்துக்கனி தூணில் சாய்ந்தபடி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினான். இவன் கோட்டாறு கம்போளச் சந்தையில் தரகு பார்த்து நாக்கைத் தீட்டிக்கொண்டவன். ஜான்ரோஸ் போன மறுமாதம் ஞானசிங்கிடம் துணையாளாக வந்து சேர்ந்தான். திருட்டுப்போன நகையிலிருந்து காணாமல்போன கன்றுக்குட்டிவரை அவரோடு சேர்ந்து தேடியவன். நண்பன் போன இடத்தை இவன் வாயால் நிரப்பினான் என்றே சொல்லலாம்.

"பெண்ணு பாக்கப் போனவன்கூட இம்புட்டுக் குனிஞ்சதில்ல அண்ணாச்சி. வண்டிக்கு வெக்கம் வந்திரப்போவுது."

ஞானசிங் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். மிதிகட்டையோடு சுற்றுகிற பல்சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். ராலி சைக்கிள் என்றால் பல்சக்கரத்துக்குள் நீண்ட மூக்கோடு மூன்று கொக்குத் தலை வார்த்திருக்கும். பி.எஸ்.ஏ.க்குச் சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கி, ஹம்பருக்கு முன்சக்கரத்தைக் கவ்வும் கவட்டையில் இரட்டைக் குழாய். எழுத்துத் தெரியாத சுமைகூலிகூட இவற்றைக் கண்டு பேர் சொல்லிவிடுவான். இதில் கொக்கு இருந்தது. நெற்றியில் ராலித் தகடு இருந்தது. சீட்டுக்குழாய் மூட்டில் நம்பர் இருந்தது. அன்றைக்குக் கடற்கரையில் அவர் பார்த்ததும் இதே மூன்றைத்தான். சௌக்கியில் எந்த வண்டியைக் கண்டாலும் இதே வரிசையில்தான் அவர் கண் போகும்.

அந்த வரிசை வியாபாரிகளுக்கும் தெரியும். திருநெல்வேலிப் பக்கமிருந்து உயர்ந்த வண்டி கொண்டுவருகிறவன் கொக்குச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஏதோ மட்ட வண்டியின் மொட்டைச் சக்கரத்தை மாட்டி, மேலே இரண்டு கை சேற்றை அப்பி, பழைய வண்டி சார் என்று பரிதாபமாக நிற்பான். மட்ட வண்டிக்கு மட்டத் தீர்வை. கொக்குச் சக்கரம் பின்னாலே பருத்திக்கொட்டை மூட்டைக்குள் சவாரி வரும். சௌக்கியைத் தாண்டினதும் இரண்டுக்கும் மறுபடி கல்யாணம். இப்படி எத்தனையோ பேரை ஞானசிங் பிடித்திருக்கிறார்.

அவர் கை சட்டென்று நின்றது. தரத்தைக் குறைத்துக் காட்டக் கொக்கைக் கழற்றுகிறவன் உண்டென்றால், ஏற்றிக் காட்டக் கொக்கை மாட்டுகிறவனும் இருக்கலாம் அல்லவா?

எழுந்துபோய், வாசலில் நின்ற தன் சொந்த ராலியின் கைப்பிடித் தண்டுக்கு அடியிலிருக்கும் பூட்டு நட்டைக் கழற்றினார். அதுவும் ஜான்ரோஸ் வண்டியும் இரட்டைப் பிள்ளைகள். அசம்பு மலைத் தோட்டத்துரைகள் ஊருக்குக் கப்பலேறியபோது விற்றதை இரண்டு பேரும் ஒரே நாளில் வாங்கினார்கள். ஜான்ரோஸ் வண்டியில் மட்டும் மூன்று வேகக் கியர் உண்டு. நாட்டிங்ஹாமில் செய்த ராலிக்கு ஒரு தனிக் கர்வம்: அதன் மரை, நட்டு ஏறுகிற அந்தத் திருகுவரி, மற்ற இங்கிலீஷ் வண்டிகளின் மரையைவிட நெருக்கமானது. அதன் நட்டு வேறு வண்டியில் ஏறாது, வேறு நட்டு அதில் ஏறாது. கொக்கை மாட்டலாம், தகட்டை அறையலாம், நம்பரைக் குத்தலாம். வெட்டின மரையைத் திரும்ப வெட்ட எவனாலும் ஆகாது.

அந்த நட்டைக் கொட்டில் வண்டியில் வைத்துத் திருப்பினார்; அரைச் சுற்று போனது. அப்புறம் கோவேறு கழுதைபோல நின்றுகொண்டது.

"கடல்தண்ணி குடிச்ச இரும்பு அண்ணாச்சி. துரு ஏறினா சொந்த நட்டே மொறைக்கும்" என்றான் முத்துக்கனி.

ஞாயமான பேச்சுதான். ஞானசிங் மண்ணெண்ணெய் வாங்கி மரையைத் துலக்கினார். மறுபடி அதே அரைச் சுற்று. குமாரதாஸின் ஹெர்குலிஸ் வண்டியிலிருந்து ஒரு நட்டைக் கழற்றி வரச்சொல்லி வைத்துத் திருப்பினார். அது வழுக்கிக்கொண்டு அடிவரை போய் உட்கார்ந்தது.

இது ஜான்ரோஸ் வண்டி இல்லை என்று அவர் ராகேலிடம் சொன்னபோது அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கொண்டாள். சாகப் போகிறவன் சட்டையைக் கழற்றி வைப்பான், செருப்பைக் கழற்றி வைப்பான். மட்ட வண்டிக்குக் கொக்கு மாட்டி வேஷம் கட்டிவிட்டுச் சாகமாட்டான். சக்கரங்களை எடுத்ததும் திருடன் இல்லை. பின்சக்கரம் இருந்திருந்தால் அதில் கியர் இல்லாதது ஞானசிங் கண்ணில் முள்ளாய்க் குத்தியிருக்கும்.

"அப்படீண்ணா இந்தக் கொக்கு எங்கிருந்து வந்துதோ, அந்த வண்டி இப்ப கொக்கு இல்லாம எங்கயோ ஓடிட்டிருக்கு. கொக்கு இல்லாத ராலியைத் தேடணும் மக்கா" என்றார் ஞானசிங்.

முத்துக்கனி ஒரு வாய் வெற்றிலையை மென்று முடிக்கும் நேரம் யோசித்தான். பூதப்பாண்டியில் ஒரு பண்ணையார் வீட்டில் அந்த மாதிரி வண்டி நிற்கிறது, காலையில் முதல் வேலையாக அங்கே போவோம் என்றான்.

மறுநாள் நாகர்கோவில் பஸ் நிலையத்துக்கு ஞானசிங் வந்தபோது, முத்துக்கனி பூதப்பாண்டி பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஜன்னலோரம் துண்டு போட்டு இடம்பிடித்து, உள்ளேயிருந்து கையாட்டினான். ஞானசிங் நேராகப் போய்த் தக்கலை பஸ்ஸில் ஏறிக்கொண்டார். துண்டை உருவிக்கொண்டு ஓடிவந்தவனிடம் காரணம் சொன்னார்: கியர் வண்டிக்குக் கம்பி அறும். மற்ற சாமானைத் தகரத்தை வெட்டிக்கூட ஒப்பேற்றலாம், கியர் கம்பியைக் கடையில்தான் வாங்கவேண்டும். அது விற்கிற கடை இந்தப் பக்கத்தில் தக்கலையில்தான் இருக்கிறது. இஞ்ஞாசி முதுகைக் கண்ட ஊரும் தக்கலை. முத்துக்கனி வழிநெடுகத் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு வந்தான். ஜன்னலோரம் போன வருத்தம் என்று ஞானசிங் நினைத்தார்.

தக்கலைக் கடைக்காரர் பேச்சுக்குப் பஞ்சமில்லாதவர். கியர் கம்பி வாங்க ஒரே ஒரு ஆள்தான் வருகிறான், பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருக்கிறான்போல, தாடிக்காரன். அறுந்த கம்பியை மட்டும் கையில் கொண்டுவருவான். வண்டியைக் கொண்டாரும், மாட்டித் தாறேன் என்றால் வேண்டாமென்று போய்விடுவான். வண்டி வச்சிருப்பவன் வண்டியைக் காட்ட வெட்கப்படுவதை என் ஆயுசில் இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் அவர்.

அங்கிருந்து கோட்டைக்கு நடந்துதான் போனார்கள். கோட்டை வாசலைத் தாண்டி, அரண்மனை மதிலோரம் ஒரு வேப்பமர நிழலில் ஞானசிங் உட்கார்ந்துவிட்டார். வீடு வீடாகக் கேட்கலாமே என்றான் முத்துக்கனி. கேட்டால் பறவை பறந்துவிடும் என்றார் அவர். "கண்ணை மூடிட்டுக் காதைத் திறந்து வை. சாதா வண்டி மிதிக்கிறதை நிறுத்தினாத்தான் டிக் டிக்ணு பேசும். கியர் வண்டி மிதிக்கும்போதே பேசும்."

வெயில் சாயத் தொடங்கியபோது, கோட்டைச் சுவருக்கு வெளியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மெல்லிய, ஒழுங்கான டிக் டிக் டிக்.

"அது அரண்மனை மணிமேடைக் கடிகாரம் அண்ணாச்சி" என்றான் முத்துக்கனி. சிரிக்காமல் சொன்னான்.

சத்தம் நெருங்கியது. கோட்டை வாசலுக்கு முன்னால் சின்ன ஏற்றம். அங்கே டிக் டிக் நின்றது; சங்கிலியின் இழுவைச் சத்தம் மட்டும் வந்தது. ஏற்றம் முடிந்ததும் மறுபடி டிக் டிக். மேட்டுக்குச் சின்னக் கியரைப் போட்டால் பின்சக்கர நடுவிலுள்ள ஹப் வாயை மூடிக்கொள்ளும், சமதளத்தில் மறுபடி பேசும்.

"மேடு வந்தா வாயை மூடுற கடிகாரம் உண்டுமாலே?" என்று கேட்டுக்கொண்டே ஞானசிங் எழுந்தார்.

வாசலுக்குள் வந்தது ஒரு கறுப்பு வண்டி. பின்னால் மரச்சீனிக் கிழங்கு மூட்டை. பல்சக்கரம் மொட்டை, கொக்கு இல்லை. மிதித்தவன் தாடியும் முண்டுமாக இருந்தான். ஆனால் வலது தோளைச் சற்றே தூக்கிக்கொண்டு ஓட்டும் அந்தச் சாய்வு, எத்தனையோ வருஷம் பக்கத்தில் சவாரி செய்தவருக்குத் தெரியாதா? அவர் நடுத்தெருவில் போய் நின்றார்.

ஜான்ரோஸ் பிரேக்கைப் பிடித்தான். செத்தவன் தன்னைப் புதைத்தவனைக் கண்டால் அலறவேண்டும், இல்லை ஓடவேண்டும். இவன் இரண்டும் செய்யவில்லை. ஞானசிங்கைத் தாண்டி, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தான்.

"ஏலே முத்துக்கனி, இன்னைக்கு இவரைப் பூதப்பாண்டிக்கு இழுத்துட்டுப் போறேண்ணுல்லா தக்கலை பஸ் கண்டக்டர்ட்ட சொல்லி விட்டே?"

ஞானசிங் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பின்னால் நிற்பது யாரென்று தெரிந்துபோகும் என்பதுபோல, அந்த மொட்டைச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நேற்றைய துருவும், பண்ணையார் வீட்டு வண்டியும், ஜன்னலோரத் துண்டும், கடிகாரமும் ஒவ்வொன்றாக வந்து அவர் முன்னால் வரிசையில் நின்றன. கள்ளச் சரக்கைப் பிடிக்கிற சௌக்கிக்காரன் பெஞ்சுக்கடியிலேயே சரக்கு இருந்திருக்கிறது.

ஜான்ரோஸ் ஒளிக்கவில்லை. ஒளிக்க இனி என்ன இருக்கிறது? கோட்டைக்குள் ஒருத்தியோடு குடித்தனம், சௌக்கியில் இருந்த காலத்திலேயே தொடங்கினது. ராகேலை விட்டு வெளியே வந்தால் சபை முழுக்கக் காறித் துப்பும். செத்துப்போனால் சபை முழுக்க அழும். இரண்டில் எது லாபம் என்று பார்த்தான், அவ்வளவுதான்.

"நீங்ககூட ரொம்ப அழுதீங்களாமே அண்ணாச்சி. முத்துக்கனி சொன்னான்" என்றான். அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் ஞானசிங்குக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வண்டியைப் பாக்க என்னைத்தான் கூப்பிடுவாங்கண்ணு தெரியுமா உனக்கு?"

"பின்ன? உங்களைத் தவிர யாரைக் கூப்பிடுவாங்க? நீங்க கொக்கைப் பாப்பீங்க, நெத்தியைப் பாப்பீங்க, நம்பரைப் பாப்பீங்க. நாலாவதா ஒண்ணு பாக்கமாட்டீங்க. பக்கத்துல உக்காந்து பாத்தவன்லா நான்."

அப்போதுதான் ஞானசிங் திரும்பினார். முத்துக்கனி துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தான்.

அந்த மட்ட வண்டியை வாங்கிக் கொடுத்த தரகன் அவன்தான். கோட்டாறு கம்போளத்தில் பேரம் வாயால் நடக்காது. வாங்குகிறவன் கையும் தரகன் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். துண்டுக்குள்ளே முடிந்ததை வெளியே சொன்னவனுக்கு அப்புறம் அந்தக் கம்போளத்தில் எவனும் கை நீட்டமாட்டான். கடற்கரையில் வண்டி கிடந்த சேதி வந்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. தேடிப் போய் ஜான்ரோஸைப் பிடித்தான். துண்டுக்குள் போனது துண்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று ஜான்ரோஸ் இவன் கையைப் பிடித்தான். இவன் கொடுத்த கையை விடவில்லை.

"எல்லாம் சரிலே. என்கிட்ட ஏன் வேலைக்கு வந்தே?"

முத்துக்கனி தரையைப் பார்த்தான். எந்தக் கேள்விக்கும் இரட்டைப் பதில் வைத்திருப்பவனுக்கு இதற்கு ஒன்றுதான் இருந்தது.

"உங்களுக்குச் சந்தேகம் வந்தா முதல்ல எனக்குத் தெரியணும்ணு வந்தேன் அண்ணாச்சி. அதுக்குப் பொறவு, போக மனசில்லாம இருந்துட்டேன்."

பின்பாதி நிஜமாகவும் இருக்கலாம். ஞானசிங் அதைச் சோதித்துப் பார்க்க விரும்பவில்லை. சோதிக்கிற நட்டு எதுவும் அவரிடம் மிச்சமில்லை.

அவர் ஜான்ரோஸிடம் காரியத்தை மட்டும் பேசினார். கோர்ட்டில் வந்து நிற்கவேண்டும். உயிரோடிருக்கிறேன், இன்னொருத்தியோடு இருக்கிறேன் என்று வாயால் சொல்லவேண்டும். சொன்னால் ராகேலுக்கு விடுதலை கிடைக்கும், நாளானாலும் நேர்வழியில் குமாரதாஸைக் கட்டிக்கொள்வாள். ஓடிப்போனால் அவள் ஆயுசுக்கும் விதவையுமில்லை, பெண்டாட்டியுமில்லை. ஜான்ரோஸ் கட்டாயம் வருகிறேன் என்றான். கர்த்தர் மேல் ஆணையாக என்றான். கர்த்தரைச் சாட்சிக்கு இழுக்கிற வேகத்திலேயே, இவன் வரமாட்டானென்று ஞானசிங்குக்கு விளங்கிவிட்டது.

மடியிலிருந்து ஸ்பானரை எடுத்தார். மரச்சீனி மூட்டையை இறக்கி வைத்தார். வண்டியைக் கவிழ்த்து, கியர் கம்பியை விடுவித்து, நட்டுகளைத் தளர்த்தி, பின்சக்கரத்தை உருவி எடுத்தார்.

"அண்ணாச்சி, அதை மட்டும் வேண்டாம். அது இப்ப எங்கயும் கிடைக்காது" என்றான் ஜான்ரோஸ். அந்தச் சாயங்காலத்தில் முதல் தடவையாக அவன் கெஞ்சினான்.

"தெரியும். கட்டினவளைக் கடற்கரையில கழட்டிப் போட்டே, இதைப் போடலியே. கோர்ட்டுக்கு வந்துட்டு வாங்கிட்டுப் போ."

பஸ்ஸில் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஞானசிங் முன்பக்கம் உட்கார்ந்தார். முத்துக்கனி கடைசி வரிசையில் நின்றே வந்தான். இடம் காலியாக இருந்தது. உட்காரச் சொல்ல ஆளில்லை.

ராகேல் எல்லாவற்றையும் நின்றபடி கேட்டாள். அழுவாள் என்று ஞானசிங் நினைத்தார், அழவில்லை. சக்கரத்தை வாங்கிச் சுவரோரம் சாத்தி வைத்தாள்.

"இதுக்காக வருவாரா?"

"வருவான்."

அவள் தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கும்போது, தடை சொல்ல ஆளுண்டா என்று போதகர் கேட்டால், தானே எழுந்து நிற்கப்போவதாகச் சொன்னாள். அடுத்தவர் சொல்லித் தெரிவதைவிட குமாரதாஸுக்கும் இன்றைக்கே நானே சொல்லிவிடுகிறேன் என்றாள். அப்புறம் வாசல் பக்கம் பார்த்தாள். முத்துக்கனி உள்ளே வராமல் படலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"முந்தாநேத்து முத்துக்கனியண்ணன்தான் கல்யாணச் சோத்துக்கு மட்டி வாழைக்குலை பேசி முடிச்சுத் தந்தாரு. சகாயமா முடிச்சேன் பிள்ளைண்ணு சொன்னாரு." அவள் ஞானசிங்கைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பவும் தெரியுமா அண்ணே, அவருக்கு?"

ஞானசிங் படல் பக்கம் கை காட்டினார். சொல்லவேண்டியவன் அங்கேதான் நின்றான்.

ராகேல் படியிறங்கி அவன் முன்னால் போய் நின்றாள். ஏச்சு வரும் என்று அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

"குலை வேண்டாம்ணு நீங்களே போய்ச் சொல்லிருங்க" என்றாள்.

முடித்த பேரத்தை ஒருநாளும் முறித்தவனில்லை முத்துக்கனி. துண்டைத் தோளில் போடாமல் கையிலேயே சுருட்டிக்கொண்டு, கோட்டாறு போகிற பாதையில் தனியாக நடந்தான்.